நள்ளிரவு 12 மணிப் பெரட்டு: தினசரிப் பணிகளைப் பற்றி ஒரு முறையீடு

பதிவு 1 · இரவுப்பணியாள் (பாயான் லெப்பாஸ்)

வணக்கம். இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் இந்த விளையாட்டை 11 ஆண்டுகளாக ஆடி வருகிறேன். மற்றவர்கள் இங்கே எழுதுவதைப் படிப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்த நான் முதன்முறையாக ஓர் இழையைத் தொடங்குகிறேன். குறை சொல்லத்தான் தொடங்குகிறேன் என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நான் வேலை செய்வது ஒரு மின்னணுத் தொழிற்சாலையில். இரவு ஷிப்ட் மாலை 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்கு முடியும். வாரத்தில் நான்கு இரவுகள். காலையில் வீடு திரும்பி, பசியாறிவிட்டு, 9 மணிக்குப் படுத்தால் பிற்பகல் 4 மணிக்கு எழுவேன். தொழிற்சாலைப் பேருந்து 6 மணிக்கு வந்துவிடும். குளிப்பதற்கும் சாப்பிடுவதற்கும் போக, வேலை நாளில் எனக்கென்று மிஞ்சுவது ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம்.

சென்ற பேட்சில் (விளையாட்டின் புதுப்பிப்பில்) தினசரிப் பணிகளை ஆறிலிருந்து ஒன்பதாக்கிவிட்டார்கள். வடக்கு வாசலில் 200 எலும்புக்கூடுகளை வெட்ட வேண்டும். மூன்று ஊர்களுக்குக் கடிதம் கொண்டுபோக வேண்டும். ஆற்றங்கரையில் 30 மூலிகை பறித்து அதே ஆற்றங்கரையில் நிற்கும் கிழவனிடம் கொடுக்க வேண்டும். (அவர் குனிந்தால் அவரே பறித்துக்கொள்ளலாம்.) எங்கும் நிற்காமல் செய்தாலும் 55 நிமிடம் ஆகிறது, கைப்பேசியில் மணி பிடித்துப் பார்த்தேன். நள்ளிரவு 12 அடித்ததும் செய்தவை, செய்யாதவை எல்லாம் அழிந்து பட்டியல் புதிதாகத் தொடங்கும். இரவு 9 முதல் 11 வரை இருமடங்கு அனுபவப் புள்ளி உண்டு. அந்த நேரத்தில் நான் தலை முதல் கால் வரை வெள்ளை உடையை மாட்டிக்கொண்டு, தூசி நுழையாத கிளீன்ரூமில் நின்றிருப்பேன்.

அடுத்து, 28 கட்டங்கள் கொண்ட அந்த வருகைத் தாள். உள்ளே வரும் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம் நிரம்பும்; ஒரு நாள் தவறினால் முதலிலிருந்து. தைப்பூசத்திற்கு முதல் நாள் வெள்ளி இரதத்தின் பின்னால் நடந்து, மறுநாள் தண்ணீர்மலையில் அம்மாவின் பால்குடத்துக்குத் துணையாகப் படியேறி, வீட்டுக்கு வந்து அப்படியே தூங்கிப்போனேன். 23 கட்டங்கள் நிரம்பியிருந்த தாள் விடிந்து பார்க்கும்போது முதல் கட்டத்தில் நின்றது.

என் தாத்தா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். இருட்டு விலகுவதற்கு முன் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், போய் நின்று, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பெயர் விழுந்தால்தான் அன்றைய கூலி என்று சொல்லியிருக்கிறார். அவருக்காவது கூலி கிடைத்தது. நான் மாதம் 45 வெள்ளி கட்டிவிட்டுப் பெரட்டுக்கு நிற்கிறேன்.

இறுதியாக ஒன்று. நான்கு ஆண்டுகளாக இருந்த கில்டிலிருந்து (சேர்ந்து ஆடுபவர்களின் குழுவிலிருந்து) சென்ற வாரம் என்னை நீக்கிவிட்டார்கள். “வாரப் புள்ளி போதவில்லை” என்று ஒற்றை வரி வந்தது. நீக்கியவர் மீது எனக்குக் கோபமில்லை. இப்படி ஒரு விதியை வகுத்தவர்கள் மீதுதான் கோபம்.

பதிவு 2 · செந்தூல் வில்லாளி

நண்பரின் வருத்தம் புரிகிறது. ஆனாலும் பழைய காலத்தை நாம் எல்லோரும் கொஞ்சம் மெருகேற்றியே நினைவில் வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்த வகை விளையாட்டுகளின் இளமைக் காலம் எப்படி இருந்தது என்று பாருங்கள். 1999-இல் வெளிவந்த எவர்குவெஸ்ட்டில் செத்துப்போனால் உங்கள் உடைமைகள் பிணத்தோடு அங்கேயே கிடக்கும். வெறுங்கையோடு ஓடிப்போய் நீங்களே மீட்டு வர வேண்டும். ரக்னராக் ஆன்லைனில் சாதாரண அரக்கனைக் கொன்றால் அதன் அட்டை என்ற அரும்பொருள் விழும் வாய்ப்பு 0.01 விழுக்காடு, அதாவது 10,000-க்கு ஒன்று. இதையெல்லாம் வென்றவர்கள் யார்? பள்ளி விடுமுறையில் இருந்தவர்கள், வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள், தூக்கத்தை விற்றவர்கள். நானும் அவர்களில் ஒருவன்தான். ஜாலான் ஈப்போவில் ஒரு சைபர் கஃபேயில் இரவு முழுவதற்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட்டு, முட்டை ரொட்டியை விசைப்பலகைக்குப் பக்கத்தில் வைத்தே தின்று, விடியற்காலையில் கண் சிவக்க வீடு திரும்பியவன். அந்தக் காலத்தில் இரவுப் பணி செய்பவர் ஒருவர் எங்களோடு போட்டியிட்டிருந்தால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டார்.

தினசரிப் பட்டியல் வந்த பிறகு நிலைமை மாறியது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு கட்டியதால், நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடைப்பதும் 55 நிமிடம் ஆடுபவனுக்குக் கிடைப்பதும் ஒன்றாயின. எனக்கு இப்போது இரண்டு குழந்தைகள். அவர்கள் தூங்கியதும் ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, இன்றைய கணக்கு முடிந்தது என்று கணினியை அணைத்துவிட்டு எழுகிறேன். அப்படி எழ முடிவது பெரிய நிம்மதி. வரம்பை எடுத்துவிட்டால் விளையாட்டு மீண்டும் வேலையற்றவர்களின் கைக்குப் போய்விடும்.

பதிவு 3 · பிறை ஆற்றோரம்

வில்லாளி அண்ணன் வரம்பையும் காலக்கெடுவையும் ஒன்றாக்கிவிட்டார். நாளுக்கு ஒன்பது என்பதற்குப் பதிலாக வாரத்துக்கு 63 என்று வைக்கட்டும். வரம்பு அப்படியே இருக்கும். ஓய்வு நாளில் உட்கார்ந்து முடிப்பவர் முடித்துக்கொள்வார்; நாள்தோறும் ஒன்பது செய்கிறவரும் செய்துகொள்வார். இதில் யாருக்கு நட்டம்?

பதிவு 4 · சைபர்ஜெயா நிரலாளர் (வீடு பங்சாரில்)

நட்டம் நிறுவனத்துக்கு. ஓரளவு உள்ளிருந்து பார்த்தவன் என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்; பொறுத்துக்கொள்ளவும்.

மூன்று ஆண்டுகள் ஒரு கைப்பேசி விளையாட்டு நிறுவனத்தில் வேலை செய்தேன். அங்கே காலைக் கூட்டத்தில் முதலில் திரையில் விழுவது வருவாய்க் கணக்கு அன்று. நேற்றுச் சேர்ந்தவர்களில் இன்று எத்தனை பேர் திரும்பினார்கள், 7-ஆம் நாள் எத்தனை பேர், 30-ஆம் நாள் எத்தனை பேர் என்ற வளைகோடுகள்தாம். ஒரு புதிய நிலவறையை, அதாவது குழுவாகப் போய்ப் போரிடும் இடத்தை, வரைந்து, நிரலெழுதி, சோதித்து வெளியிடப் பல மாதங்கள் ஆகும். ஆட்டக்காரர்கள் அதை ஒரு வார இறுதியில் முடித்துவிட்டு ‘அடுத்தது எங்கே’ என்பார்கள். இந்த இடைவெளியை நிரப்ப மிக மலிவான வழி, பழைய இடத்துக்கே மீண்டும் மீண்டும் அனுப்புவது. 200 எலும்புக்கூடுகளின் பின்னால் இருக்கும் பொருளாதாரம் இவ்வளவுதான்.

வாரத்துக்கு 63 என்று வைத்தால் ஆட்டக்காரர் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வருவார். ஐந்து நாள் வராதவருக்கு ஆறாவது நாள் வேறொரு விளையாட்டு கண்ணில் படும். நிறுவனம் அஞ்சுவது இதற்குத்தான். 28 கட்டத் தாளைப் போன்ற ஒன்றை நானே எழுதியிருக்கிறேன். ஒரு நாள் தவறினாலும் கணக்கு முதலுக்குப் போகாமல், விட்ட இடத்திலிருந்து தொடரட்டும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். “அப்படியானால் அவர் ஏன் நாளைக்கே வர வேண்டும்?” என்று கேட்டார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தாளை அவர்கள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன்.

நேரத்தைப் பங்கிடுவது எளிதான வேலை அன்று என்பதையும் சொல்ல வேண்டும். 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் சோதனைக் காலத்தில், நெடுநேரம் ஆடினால் அனுபவப் புள்ளி பாதியாகக் குறையும்படி வைத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். நிறுவனம் கணக்கை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டுப் பெயரை மாற்றியது: ஓய்வெடுத்தவருக்கு 200 விழுக்காடு, மற்றவருக்கு வழக்கமான 100. கொதிப்பு அடங்கிவிட்டது. 2010-இல் வந்த ஃபைனல் ஃபேன்டஸி 14-இல், வாரத்தில் முதல் 8 மணி நேரத்துக்குப் பிறகு புள்ளி தேய்ந்துகொண்டே போகும் ஏற்பாடு இருந்தது. அது பெயரை மாற்றித் தப்பிக்கவில்லை. அந்த விளையாட்டையே வேறு பல காரணங்களுக்காகவும் மூடி, 2013 ஆகஸ்டில் புதிதாகக் கட்டித் திறந்தார்கள்.

எனக்குப் பிடித்த எடுத்துக்காட்டு விண்வெளி விளையாட்டான ஈவ் ஆன்லைன். 2003-இலிருந்தே அங்கே திறமைகள் கடிகார நேரத்தில் வளர்கின்றன; நீங்கள் கணினியை அணைத்துவிட்டுக் கிளீன்ரூமில் நின்றாலும் உங்கள் விமானி கற்றுக்கொண்டே இருப்பார். ஆனால் 2009-இல் திறமைகளை வரிசையாகப் போட்டுவைக்கும் முறை வரும் வரை ஒரு நேரத்தில் ஒரு திறமையைத்தான் பயிற்சிக்குப் போட முடியும். ஒன்று அதிகாலை 3 மணிக்கு முடிந்தால், அடுத்ததைப் போட அலாரம் வைத்து எழுந்தவர்கள் உண்டு. இரக்கமுள்ள ஏற்பாட்டுக்குள்ளும் ஓர் அலாரம் ஒளிந்திருந்தது.

பதிவு 5 · இரவுப்பணியாள்

நிரலாளருக்கு நன்றி. கூட்டத்தில் உங்களுக்குக் கிடைக்காத பதில் என்னிடம் இருக்கிறது. நாளைக்கு வரச் சொல்லி ஒருவர் என்னிடம் கேட்டிருந்தார், அதனால் வந்தேன்.

கில்டில் சேர்ந்த புதிதில் ஒரு முறை ஆறு பேராகக் கண்ணாடிச் சுரங்கத்துக்குள் போனோம். பாதி வழியில் என் இணையம் அறுந்துவிட்டது. ரவுட்டரை அணைத்துப் போட்டு, மீண்டும் அணைத்துப் போட்டு உள்ளே வருவதற்கு 25 நிமிடம் ஆயிற்று. ஐந்து பேரும் போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். சுரங்கத்தின் மூன்றாவது வளைவில் எங்கள் தலைவி அக்காவின் மந்திரவாதி என் உடலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. மற்ற நால்வரும் சுற்றி நின்று, வரும் வௌவால்களை விரட்டிக்கொண்டிருந்தார்கள். “வந்துட்டீங்களா, வாங்க” என்று மட்டும் எழுதிவிட்டு அக்கா எழுந்து நடந்தார். மறுநாள் அதே நேரத்துக்கு வரச் சொன்னார். நான்கு ஆண்டுகள் வந்தேன்.

இப்போது சுரங்கத்துக்கு யாரும் போவதில்லை. அதற்குப் புள்ளி கிடையாது.

பதிவு 6 · பிரிக்ஃபீல்ட்ஸ் மந்திரவாதி

தம்பியை நீக்கியது நான்தான். அந்த ஒற்றை வரியையும் நான்தான் எழுதினேன். இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருந்தேன். இனியும் பேசாமல் இருப்பது சரியாக இருக்காது.

கில்ட் புள்ளி எப்படி வேலை செய்கிறது என்பதைத் தலைமைப் பொறுப்பில் இல்லாதவர்கள் முழுமையாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒருவர் ஒரு நாளின் ஒன்பது பணிகளையும் முடித்தால் கில்டுக்கு 25 புள்ளி. எட்டு முடித்தால் ஒன்றும் இல்லை. எங்கள் கில்டில் 40 பேர். வாரத்துக்கு 6,000 புள்ளி சேர்ந்தால் 40 பேருக்கும் தாக்கும் வலிமை 8 விழுக்காடு கூடும். 5,999 என்றால் கிடையாது. ஆளுக்கு 150 என்று வகுத்துக்கொண்டால், வாரத்தில் ஆறு நாள் ஒவ்வொருவரும் வந்தாக வேண்டும். தம்பி தமக்கு ஓய்வான மூன்று நாட்களிலும் வந்து 75 எடுப்பார். மீதி 75-ஐ வேறு மூன்று பேர் ஏழாவது நாளும் வந்து ஈடுகட்ட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இரவு சமையலறையை ஒழுங்குபடுத்திவிட்டு, மகளின் பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தில் 40 பெயர்களையும் எழுதி, எதிரே புள்ளியைக் குறிப்பேன். 100-க்குக் கீழே இருப்பவருக்குச் சிவப்புப் பேனா. மூன்று வாரம் தொடர்ந்து சிவப்பு என்றால் நீக்கிவிடுவது என்று நாங்களே ஒரு விதி போட்டுக்கொண்டோம். விளையாட்டு அப்படிச் செய்யச் சொல்லவில்லை; ஆனால் பட்டியலைப் புள்ளி வரிசைப்படி அடுக்கிக் காட்டி, கடைசிப் பெயருக்குப் பக்கத்திலேயே ‘நீக்கு’ என்ற பொத்தானையும் வைத்திருக்கிறது. ஒருவர் எத்தனை நாள் வந்தார் என்பது எனக்குத் தெரியும். அவர் எந்த ஷிப்ட்டில் இருக்கிறார், வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வராது. தம்பிக்கு இரவு வேலை என்பதே இந்த இழையைப் படித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. நான்கு ஆண்டுகள் ஒன்றாக ஆடியிருக்கிறோம். கடைசி ஓராண்டில் புள்ளியைத் தவிர வேறெதுவும் பேசவில்லை.

தம்பி தம் தாத்தாவின் பெரட்டைப் பற்றி எழுதியிருந்தார். என் அப்பாவும் தோட்டத்தில் வளர்ந்தவர்தான். எங்கள் வீட்டில் ஒருவரை ஆகக் கேவலமாகத் திட்ட வேண்டுமென்றால் ‘கங்காணி’ என்பார், தோட்டத்தில் ஆட்களை மேய்த்து வேலை வாங்குபவன். யாரும் சம்பளம் கொடுக்காமலே அந்த வேலையை ஞாயிறுதோறும் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

பதிவு 7 · பழைய கணக்கு

இவ்வளவு மனக்கசப்பு எதற்கு? பிடிக்கவில்லை என்றால் கணக்கை மூடிவிட்டுப் போகலாமே. விளையாட்டுத்தானே.

பதிவு 8 · செந்தூல் வில்லாளி

போகலாம் என்று சொல்வது எளிது. ஆனால் 11 ஆண்டுப் பழக்கத்தில் விளையாட்டு எது, மனிதர்கள் எது என்று பிரித்தெடுக்க முடிவதில்லை. என் திருமணத்துக்கு வந்த ஒன்பது பேரை நான் முதலில் பார்த்தது இந்த விளையாட்டின் வடக்கு வாசலில்தான்.

பதிவு 2-இல் எழுதியதில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். என் நிம்மதிக்குக் காரணம் வரம்பு. நள்ளிரவுக் கெடு அன்று. இரவு 10 மணிக்குக் குழந்தைகள் தூங்குகிற வீட்டுக்கு அந்தக் கெடு தற்செயலாகப் பொருந்திவிட்டதால், அது எல்லோருக்கும் நியாயமானது என்று எண்ணிவிட்டேன். எங்கள் கில்டிலும் ஒரு சிவப்புப் பட்டியல் இருக்கிறது. அதில் யார் யார் இருந்தார்கள் என்று நேற்று எடுத்துப் பார்த்தேன். ஒருவர் பாதுகாவலர், ஒருவர் மருத்துவமனைத் தாதி, ஒருவர் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) இரவு முழுவதும் ரொட்டி போடுபவர்.

பதிவு 9 · லிட்டில் இந்தியா தமிழாசிரியர் (ஜார்ஜ்டவுன்)

ஆட்டக்காரர்கள் கேட்டு நிறுவனங்கள் மாற்றிய வரலாறு இல்லாமல் இல்லை. ரூன்ஸ்கேப்பில் 2007 இறுதியிலும் 2008 தொடக்கத்திலுமாகப் வனாந்தரம் என்ற பகுதியில் ஆட்டக்காரர்கள் ஒருவரோடொருவர் மோதும் பழைய போரையும் கட்டற்ற பண்டமாற்றையும் எடுத்துவிட்டார்கள். மோசடிக்காரர்களை ஒழிக்க வேறு வழியில்லை என்றார்கள். பிறகு ஒரு வாக்கெடுப்பு வைத்து, 91 விழுக்காட்டினர் ஆம் என்றதும் 2011-இல் இரண்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். 2012 நவம்பரில் போர்முறையை அடியோடு மாற்றியபோது மறுபடியும் எதிர்ப்பு. அடுத்த பிப்ரவரியில் பழைய பதிப்பைத் தனியாகவே திறந்தார்கள். அதில் எதைச் சேர்ப்பதானாலும் வாக்களித்தவர்களில் 75 விழுக்காட்டினர் ஒப்ப வேண்டும் என்ற விதியோடு. (பின்னாளில் அது 70 ஆனது.) நிரலாளர் சொன்ன ஈவ் ஆன்லைனில் 2011-இல் ஆடம்பரப் பொருட்கடை திறந்து, ஒரு ஒற்றைக்கண்ணாடிக்கு 60 டாலருக்கு மேல் விலை வைத்தபோது, ஆட்டக்காரர்கள் வணிக நிலையத்துக்கு வெளியே இருந்த சிலையைக் கூட்டமாகச் சுட்டார்கள். சிலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நிறுவனம் ஆட்டக்காரர் மன்றத்தினரை ஐஸ்லாந்துக்கே அழைத்துப் பேசியது. அக்டோபரில் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார்.

எனவே நாமும் ஒரு விண்ணப்பம் எழுதலாம். வாரத்துக்கு 63, வருகைத் தாள் விட்ட இடத்திலிருந்து தொடர்வது, புள்ளி வரிசைக்குப் பக்கத்திலிருந்து அந்தப் பொத்தானை அகற்றுவது. மூன்று கோரிக்கைகள் போதும். நான்காவதைச் சேர்த்தால் முதல் மூன்றையும் படிக்க மாட்டார்கள். ஆனால் அங்கெல்லாம் ஆட்டக்காரர்கள் பேசியது விளையாட்டைச் செய்தவர்களிடம். நம் சர்வரை நடத்துபவர் உரிமம் வாங்கி நடத்துபவர்; நம் கடிதத்தை மொழிபெயர்த்து மேலே அனுப்புவதைத் தவிர அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை. விடை வருவதற்குள் அடுத்த தைப்பூசம் வந்துவிடலாம்.

பதிவு 10 · சைபர்ஜெயா நிரலாளர்

விண்ணப்பத்தின் ஆங்கில வடிவத்தை நான் எழுதித் தருகிறேன். ‘பெரட்டு’ என்பதை எப்படி விளக்குவது என்றுதான் தெரியவில்லை.

பதிவு 11 · பிரிக்ஃபீல்ட்ஸ் மந்திரவாதி

விண்ணப்பத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றிரவு கில்டில் பேசினோம். 40 பேரில் 31 பேர் இருந்தார்கள்; ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, கொஞ்சம் சத்தமும் ஆயிற்று. வாரப் புள்ளி விதியை எடுத்துவிட்டோம். 8 விழுக்காடு இனி எங்களுக்குக் கிடையாது. அது வேண்டும் என்ற ஆறு பேர் வேறு கில்டுக்குப் போகிறார்கள். அவர்கள் மீது வருத்தமில்லை. கடைசி நிலவறையில் பாஸை (தலைமை அரக்கனை) வீழ்த்த இதுவரை 12 நிமிடம் ஆனது, இனி 13 ஆகலாம், சில நாள் தோற்கவும் செய்யலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கண்ணாடிச் சுரங்கத்துக்குப் போகலாம் என்றிருக்கிறோம். தம்பி, உங்களுக்கு மறுபடியும் அழைப்பு அனுப்பியிருக்கிறேன். அந்த ஞாயிறு உங்களுக்கு எந்த ஷிப்ட்?

பதிவு 12 · இரவுப்பணியாள்

ஓய்வு நாள், அக்கா. சுரங்கத்துக்குத் திறவுகோல் இப்போது கடையில் கிடைப்பதில்லை. என் பெட்டியில் பழையது இரண்டு கிடக்கிறது. கொண்டுவருகிறேன். மூன்றாவது வளைவில் வௌவால் வரும் பக்கம் எனக்குக் கொஞ்சம் மறந்துவிட்டது, யாராவது முன்னால் போகவும்.